முன்னூறு, இருநூறு, எழுநூற்றிருபது

தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். படித்த ஒருவரிடம் கட் ஆஃப் எவ்வளவு என்று கேட்டால் போதும், அவர் எந்தக் காலத்தில் கல்லூரிக்குள் நுழைந்தார் என்று சொல்லிவிடலாம். 290 என்றால் 2007-க்கு முந்தியவர். 198.5 என்றால் 2007-க்கும் 2016-க்கும் இடைப்பட்டவர். 560 என்றால் நீட் எழுதியவர். கட் ஆஃப் என்றதும், "எங்க காலத்துல இன்டர்வியூதானே" என்று சிரிப்பவர் 1984-க்கு முன்னால் சேர்ந்தவர். ஒரே மாநிலம், ஒரே படிப்பு, நான்கு விதமான சேர்க்கை முறை. இப்படியொரு பரிசோதனையை எந்த ஆய்வாளரும் திட்டம் போட்டு நடத்திவிட முடியாது. நாம் திட்டம் போடாமலே நடத்தி முடித்திருக்கிறோம். அதன் முடிவுகளை ஒன்றாக வைத்துப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

பொறுமை இல்லாததற்குக் காரணம் உண்டு. விவாதம் முழுக்க நீட்டா, பிளஸ் டூவா என்ற இரட்டைக்குள் சிக்கிக்கொண்டது. ஒரு தரப்புக்கு நீட் என்றால் தகுதி, பிளஸ் டூ என்றால் மனப்பாடம். மறு தரப்புக்கு பிளஸ் டூ என்றால் சமூகநீதி, நீட் என்றால் கோச்சிங் கொள்ளை. இரண்டுமே தேர்வுகள்தான் என்பதும், வசதியுள்ளவர்கள் இரண்டையுமே தங்களுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார்கள் என்பதும் இந்தச் சண்டையில் காணாமல் போகின்றன. பொதுத் தேர்வு நல்லதா கெட்டதா என்று கேட்டுப் பயனில்லை. அதன் தலையில் எவ்வளவு பாரத்தை ஏற்றலாம் என்று கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையின் கட்சி அதுதான்.

முதலில் இன்டர்வியூ. அந்தக் காலத்தை நாம் மறந்துவிட்டதால்தான் பொதுத் தேர்வின் முதல் நன்மை நமக்குக் கண்ணில் படுவதில்லை. 1970-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பெரியகருப்பன் வழக்கு தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கை பற்றியது. அப்போது பாட மதிப்பெண்ணுக்கு 200, நேர்முகத்துக்கு 75. கல்லூரிகளை யூனிட்டுகளாகப் பிரித்து, யூனிட்டுக்கு ஒரு தேர்வுக் குழு என்று வைத்திருந்தார்கள். யூனிட் வாரியாக ஆள் எடுப்பது செல்லாது என்றது நீதிமன்றம். நேர்முக மதிப்பெண்களை அள்ளி வழங்கிய விதத்தையும் கண்டித்தது. பாடத்தில் இருபது மதிப்பெண் பின்தங்கிய ஒருவரை மூடிய கதவுக்குப் பின்னால் முன்னுக்குத் தள்ள 75 மதிப்பெண் தாராளமாகப் போதும். எம்.எல்.ஏ. சிபாரிசு, மந்திரி வீட்டுத் தொலைபேசி என்று அந்தக் காலத்து மனிதர்கள் சொல்லும் கதைகளில் பாதியைக் கழித்துவிட்டாலும் மிச்சம் நிறைய இருக்கும்.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. அது செய்த முதல் காரியம் விண்ணப்பதாரரின் முகத்தை மறைத்தது. விடைத்தாளுக்கு அப்பா பெயர் தெரியாது, சாதி தெரியாது, எந்தக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. பொதுத் தேர்வை எதிர்த்து எழுதும் எவரும் இந்த ஒன்றைத் தாண்டிக்கொண்டு போய்விடக் கூடாது.

அந்தத் தேர்வின் கணக்கை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். பிளஸ் டூ உயிரியலில் 200-க்கு 192 என்றால் பாதியாக்கி 96. இயற்பியல் 184, வேதியியல் 188 என்றால் கூட்டி நாலால் வகுக்க 93. ஆக 189. அதோடு நுழைவுத் தேர்வில் 100-க்கு எடுத்த 84-ஐச் சேர்த்தால் 273. இதுதான் 300-க்கான கட் ஆஃப். மூன்றில் இரண்டு பங்கு பள்ளிக்கூடத்துக்கு, ஒரு பங்கு நுழைவுத் தேர்வுக்கு. தேர்வன்று காய்ச்சலடித்தால் சில மதிப்பெண் போகும். பள்ளியில் உழைத்தது கையில் இருக்கும். பள்ளியில் செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணை அள்ளிப் போட்டிருந்தாலோ, தேர்வுக் கூடத்தில் கண்காணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலோ, நுழைவுத் தேர்வு அதைக் காட்டிக் கொடுக்கும். ஒன்றின் பொய்யை மற்றது பிடிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி நிலையங்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருந்தன. முதலாண்டு இடம் கிடைக்காதவர் மறு ஆண்டு 'இம்ப்ரூவ்மென்ட்' எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவார். அதற்கு வீட்டில் ஒரு வருடம் சும்மா உட்கார வைத்துச் சோறு போட வசதி வேண்டும். 2005-இல் ஜெயலலிதா அரசு நுழைவுத் தேர்வு, இம்ப்ரூவ்மென்ட் இரண்டுமே இனி இல்லை என்று அறிவித்தது. அரசாணை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2006 தொடக்கத்தில் கொண்டுவந்த சட்டமும் நிற்கவில்லை. அதே ஆண்டு ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு, அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு போட்டு, புதிய சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கியது. 2007 முதல் பிளஸ் டூ மட்டும். இரண்டு கழகங்களும் அடுத்தடுத்து ஒரே திசையில் நடந்த அபூர்வமான விஷயம் இது. இரண்டும் சேர்ந்து தவறவும் செய்தன என்பது என் கணிப்பு.

என்ன தவறு? 300-இலிருந்து 100-ஐ எடுத்துவிட்டால் மிஞ்சும் 200-இல் எல்லோருக்கும் சமவாய்ப்பு கிடைக்கும் என்று நம்பினார்கள். கிடைத்தது நாமக்கல்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டார விடுதிப் பள்ளிகளுக்கு ஊர் மக்களே வைத்த பெயர் கோழிப்பண்ணைப் பள்ளிகள். முட்டைக்குப் பெயர்போன ஊர் என்பதால் வந்த கேலி மட்டும் அல்ல அது. விடியுமுன் எழுப்பி ஸ்டடி, இரவு படுக்கும்வரை ஸ்டடி, நடுவில் சாப்பாட்டு மணி. பிளஸ் ஒன்னில் சேர்ந்த சில மாதங்களிலேயே பிளஸ் டூ பாடம் தொடங்கிவிடும். பிளஸ் ஒன் புத்தகம் பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் கிடக்கும். ஒரே பாடத்தை இரண்டு வருடம் அரைத்த பிள்ளையும், அதை ஒரே வருடத்தில் படித்த அரசுப் பள்ளிப் பிள்ளையும் ஒரே தாளை எழுதுவார்கள். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் கேள்வி வரும் என்று சொல்லும் 'புளூபிரிண்ட்' ஒன்று இருந்தது. அதை வைத்துக் கொண்டு எந்தெந்தப் பாடத்தை விட்டுவிடலாம் என்று ஆசிரியர்களே குறித்துக் கொடுத்தார்கள். சென்டம் வாங்கியவர்கள் பெருகினார்கள். தரவரிசையில் 0.25 மதிப்பெண் இறங்கினால் பெரும் கூட்டம் முன்னால் நிற்கும். கட் ஆஃப் சமமாகி, பாட மதிப்பெண்களும் பிறந்த தேதியும் சமமானால் கடைசியில் ரேண்டம் எண். சி.பி.எஸ்.இ.யில் பத்தாவது முடித்த பிள்ளைகள் மாநிலப் பாடத்திட்டத்துக்கு மாறிக் கொண்டார்கள், இங்கே மதிப்பெண் எளிது என்று. இன்று அந்த ஊர்வலம் எதிர்த்திசையில் நடக்கிறது.

பிளஸ் டூ மட்டுமே அளவுகோலாக இருந்த அந்தப் பத்தாண்டிலும் அரசுப் பள்ளியில் படித்து அரசு மருத்துவக் கல்லூரிக்குள் போனவர்கள் ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான். ஆயிரக்கணக்கான இடங்களில் சில பத்து. நீட்டை எதிர்க்கும் மேடைகளில் இந்தக் கணக்கு சொல்லப்படுவதில்லை. சொன்னால் எதிர்த்தரப்புக்கு உதவிவிடுமோ என்ற தயக்கம். உண்மையில் இதை நாமே சொல்லாமல் விட்டதுதான் எதிர்த்தரப்புக்கு உதவியது.

இனி நீட். இதன் நியாயத்தையும் முதலில் சொல்லிவிட வேண்டும். நீட்டுக்கு முன்னால் தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் ஆளுக்கொரு தேர்வு வைத்திருந்தன. ஒரு பிள்ளை ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஊர் ஊராக ரயிலேறித் தேர்வு எழுதும். ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பக் கட்டணம். எழுதியது பெயருக்குத்தான், இடம் முன்கூட்டியே விலை போயிருக்கும் என்பது பொதுவான சந்தேகம்; அது ஆதாரமற்ற சந்தேகமும் அல்ல. மத்தியப் பிரதேசத்தில் அரசு வாரியமே நடத்திய மருத்துவ நுழைவுத் தேர்வு வியாபம் ஊழலாக 2013-இல் வெடித்தது. எல்லோருக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே தாள், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் பொதுக் கவுன்சலிங் என்றானபோது வாசலில் இருந்த சில தரகர்கள் காணாமல் போனார்கள். 69 சதவீத இட ஒதுக்கீட்டை நீட் தொடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். மாநில ஒதுக்கீட்டு இடங்கள் இன்றும் அதன்படிதான் நிரம்புகின்றன.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் திருந்தியதிலும் நீட்டுக்குப் பங்கு உண்டு. பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காமல் கிடந்த பாடநூல்கள் 2018-இலிருந்து மாறின. 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் அரசுப் பொதுத் தேர்வு வந்து, பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருடம் அரைக்கும் தந்திரத்துக்கு முட்டுக்கட்டை போட்டது. அந்தப் பாடத்திட்ட மாற்றத்துக்கான உயர்நிலைக் குழுவின் தலைவர் யார் என்றால், நுழைவுத் தேர்வை ஒழிக்க வழி சொன்ன அதே அனந்தகிருஷ்ணன். நுழைவுத் தேர்வை நீக்கிய கையோடு செய்திருக்க வேண்டிய வேலையை, இன்னொரு நுழைவுத் தேர்வு வந்து கழுத்தைப் பிடித்த பிறகே செய்தோம்.

இவ்வளவு நியாயம் இருந்தும் நீட் ஏன் அநியாயமாகிறது? இரண்டு விதத்தில் ஆகிறது.

முதலாவது, அது ஒரே நேரத்தில் இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறது; ஏழைக்கு ஒன்று, பணக்காரருக்கு ஒன்று. நீட்டின் மொத்த மதிப்பெண் 720. பொதுப் பிரிவில் தகுதி பெற எழுதியவர்களில் நடுக்கோட்டைத் தாண்டினால் போதும். 2018-இல் அந்தக் கோடு 119-இல் நின்றது, 2020-இல் 147-இல். அதாவது ஐந்தில் ஒரு பங்கு மதிப்பெண் எடுத்தாலே 'தகுதி பெற்றவர்'. இந்தத் தகுதியோடு கோடியைத் தொடும் கட்டணத்தைக் கட்ட முடிந்தவர் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ என்.ஆர்.ஐ. இடத்திலோ உட்காரலாம். 500 எடுத்தும் அரசுக் கல்லூரி கிடைக்காமல், தனியார் கட்டணத்துக்கு வழியில்லாமல் வீட்டுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். பணம் உள்ளவருக்கு நீட் ஒரு வேகத்தடை. இல்லாதவருக்கு ஒவ்வொரு மதிப்பெண்ணும் தலையெழுத்து. 2023-இல் முதுநிலை நீட்டில் காலி இடங்களை நிரப்புவதற்காகத் தகுதிக் கோட்டைப் பூஜ்ஜியம் பர்சென்டைலுக்கே இறக்கினார்கள். தேர்வு எழுதினாலே தகுதி என்று ஆன பிறகு, 'தகுதியைக் காப்பாற்றும் தேர்வு' என்ற வாதத்தை எந்த முகத்தோடு வைப்பது?

தகுதி வாதத்துக்கு இன்னொரு பதில் புள்ளிவிவரத்தில் இருக்கிறது. 2018–20 காலத்தில் இந்தியாவின் பேறுகால மரண விகிதம் லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 97, தமிழ்நாட்டில் 54. அந்த ஆண்டுகளில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்த மருத்துவர்கள் 300-இலும் 200-இலும் வந்தவர்கள். பிளஸ் டூ முறை சிறந்தது என்று இது நிரூபிக்காது. சுகாதாரத் துறையின் கட்டமைப்புக்கே அந்தப் பெருமையில் பெரும்பங்கு. அப்படி வந்தவர்கள் அரைகுறை மருத்துவர்கள் என்ற பேச்சை மட்டும் இது அடைத்துவிடும்.

இரண்டாவது அநியாயம் காலத்தைப் பற்றியது. இதுதான் எனக்குப் பெரியதாகப் படுகிறது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கையில் பலரும் மேற்கோள் காட்டுவது தமிழ்வழி மாணவர்களின் சரிவை: நீட்டுக்கு முன் சுமார் 14 சதவீதமாக இருந்தவர்கள் பிறகு இரண்டு சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டார்கள். அதில் ஒரு பகுதி, பெற்றோர்களே ஆங்கிலவழிக்கு மாறிக்கொண்டிருந்ததால் வந்தது என்று வாதிடலாம். ஆனால் அதே அறிக்கையில் வாதத்துக்கு இடமில்லாத வேறொரு கணக்கு இருக்கிறது. 2016-17-இல் மருத்துவம் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்தவர்கள் 12.47 சதவீதம். 2020-21-இல் அது 71.42 சதவீதம். பத்தில் ஏழு பேர் ரிப்பீட்டர்கள். பள்ளி முடித்த கையோடு தேறுபவர்கள் சிறுபான்மையாகிவிட்டார்கள் என்றால், அந்தத் தேர்வு பள்ளிப் படிப்பை அளக்கவில்லை. ஒரு குடும்பம் எத்தனை வருடம் காத்திருக்க முடியும் என்பதை அளக்கிறது. கூலிக்குப் போகும் வீட்டில் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது வருடம் கிடையாது. பெண் பிள்ளை என்றால் அந்த வருடத்துக்குள் கல்யாணப் பேச்சு வந்துவிடும்.

இம்ப்ரூவ்மென்ட்டின் இந்தக் குணத்தைத் தமிழ்நாடு 2005-லேயே புரிந்துகொண்டு அதை ஒழிக்க முயன்றது. ஐ.ஐ.டி.களுக்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுத முடியும். நீட்டுக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. இருந்த உச்ச வயது வரம்பையும் 2022-இல் எடுத்துவிட்டார்கள். கோச்சிங் நிலையங்களுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன இருக்க முடியும்? நாமக்கல் பண்ணைகள் மூடப்படவும் இல்லை. பெயர்ப்பலகையில் 'நீட் அகாடமி' என்று சேர்த்துக்கொண்டன. 2019 அக்டோபரில் அந்த வட்டாரத்தில் ஒரு கல்விக் குழுமத்தில் வருமான வரித் துறை சோதனையிட்டபோது கணக்கில் வராத ரொக்கம் மட்டுமே கோடிக்கணக்கில் சிக்கியது.

ஒரு தேர்வின் தலையில் முழுப் பாரத்தையும் ஏற்றினால், அதில் வரும் சின்னப் பிழையும் பூதாகாரமாகிவிடும். 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்தது. தொடுத்தவர் மார்க்சிஸ்ட் எம்.பி. டி.கே. ரங்கராஜன். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேள்விக்கு நாலு வீதம் 196 மதிப்பெண் தரச் சொன்னது. 720-இல் 196! அதை அப்படியே கொடுத்திருந்தாலும் தரவரிசை தலைகீழாகியிருக்கும். உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததால் பிழையான தாளை எழுதியவர்களுக்கு எதுவுமே கிடைக்கவில்லை. தீர்வே இல்லாத இக்கட்டு. ஆங்கிலத்தில் யோசித்து எழுதிய கேள்வியை அவசரமாகத் தமிழாக்கும் வரை இது தீராது.

2024 இதைவிட விசித்திரம். முதலில் வந்த முடிவில் 67 பேர் 720-க்கு 720. சிலருக்கு 718, 719. நீட்டின் கணக்கை அறிந்த எந்தப் பிள்ளைக்கும் அந்த எண்கள் பொய் என்று உடனே தெரியும்: ஒரு கேள்வியை விட்டால் 716, தவறாக எழுதினால் 715. இடையில் எண்ணே கிடையாது. அப்படிக் கேட்ட பிறகுதான் 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்த கதை வெளியே வந்தது. பாட்னா, ஹசாரிபாக் வினாத்தாள் கசிவு தனிக் கதை. என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஓர் இயற்பியல் கேள்வி. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்குரிய நிறமாலையை வெளியிடுபவை என்ற கூற்று சரியா என்று கேட்டிருந்தார்கள். பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகப்படி சரி, புதிய பதிப்பின்படி தவறு. தேசியத் தேர்வு முகமை இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், ஐ.ஐ.டி. டெல்லியின் வல்லுநர்கள் மூவர் ஒரே விடைதான் சரி என்றார்கள். பழைய புத்தகத்தை நம்பிய வகையில் நாலு லட்சம் பேருக்கு மேல் ஆளுக்கு ஐந்து மதிப்பெண் போனது. கருணை மதிப்பெண் போன பிறகு முதலிடத்தில் மிஞ்சியிருந்த 61 பேர் 17 ஆனார்கள். பழைய பதிப்பை வைத்துப் படித்தவர்கள் யாராக இருப்பார்கள்? அண்ணன் படித்த புத்தகத்தைத் தம்பி வைத்துப் படிக்கும் வீட்டுப் பிள்ளைகளும் அதில் இருப்பார்கள். ஐந்து மதிப்பெண் என்பது தரவரிசையில் பல ஆயிரம் இடங்கள்.

இதற்கு மாற்று மனிதக் கணிப்புதானா? வேலூர் சி.எம்.சி. பல்லாண்டுகளாக எழுத்துத் தேர்வோடு சில நாள் நேர்காணலும் குழுப் பணிகளும் வைத்து, படித்து முடித்ததும் மிஷன் மருத்துவமனைகளில் வேலை செய்ய ஒப்பந்தம் வாங்கி, ஆள் எடுத்தது. நீட்டை ஏற்க மறுத்து 2017-இல் நூறு இடங்களில் ஒன்றை மட்டுமே நிரப்பியது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என்று சொல்லி அந்தக் கதையை முடித்தது. ஒரு நல்ல முறை அதோடு போனது என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒரு நிறுவனம் நேர்மையாகச் செய்ததை மாநிலம் முழுவதற்கும் விரிக்க முடியுமா என்று கேட்டால், 1970-இன் 75 மதிப்பெண் நினைவுக்கு வருகிறது, முடியாது.

அமெரிக்கா இதே கேள்வியில் தடுமாறிய விதமும் கவனிக்க வேண்டியது. கொரோனா காலத்தில் எஸ்.ஏ.டி. தேர்வைக் கட்டாயமில்லை என்று விட்ட எம்.ஐ.டி. 2022-இல் மீண்டும் கட்டாயமாக்கியது, டார்ட்மவுத் 2024-இல். வசதியில்லாத பள்ளியிலிருந்து வரும் கெட்டிக்காரப் பிள்ளை தன்னைக் காட்டிக்கொள்ள அந்தத் தேர்வுதான் உதவுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. கலிபோர்னியா பல்கலைக்கழகமோ அதை ஒரேயடியாகக் கைவிட்டது. இங்கே மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு: எம்.ஐ.டி.யில் அந்த மதிப்பெண் ஒரு கோப்பில் இருக்கும் பல காகிதங்களில் ஒன்று. பிள்ளை எந்தப் பள்ளியில், எந்தச் சூழலில் படித்து அந்த மதிப்பெண்ணை எடுத்தது என்பதையும் சேர்த்தே படிக்கிறார்கள். நீட்டில் அந்த எண் மட்டுமே கோப்பு.

ஆக, ஏழைப் பிள்ளைகளை உள்ளே கொண்டுவந்தது எது? 2017 முதல் மூன்றாண்டுகள் நீட் வழியாக அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போன அரசுப் பள்ளி மாணவர்களின் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்குச் சுருங்கியது. நீதிபதி கலையரசன் குழு பத்து சதவீத உள் ஒதுக்கீட்டைப் பரிந்துரைக்க, எடப்பாடி பழனிசாமி அரசு 7.5 சதவீதத்துக்குச் சட்டம் இயற்றியது. ஆளுநர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார். அரசு காத்திருக்காமல் 2020 அக்டோபர் 29 அன்று அரசாணை போட்டது. மறுநாள் கையெழுத்து வந்தது. அந்த ஆண்டே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டிலுமாகச் சுமார் 400 இடங்கள். தேர்வு அதே நீட்தான், தாள் அதே தாள்தான். பிளஸ் டூ முறை பத்தாண்டில் செய்யாததை ஓர் அரசாணை சில வாரங்களில் செய்தது. கட்டணத்தையும் அரசே ஏற்றதால்தான் தனியார் கல்லூரி இடங்களிலும் அந்தப் பிள்ளைகள் உட்கார முடிந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.

இடங்களைப் பங்கிடுவது அரசியல் முடிவு என்பதை நம் அண்டை நாடு கசப்பாகவும் நல்லபடியாகவும் காட்டியிருக்கிறது. இலங்கையில் 1971-இல் வந்த தரப்படுத்தல் மொழிவாரியாக வெட்டுப்புள்ளி வைத்தது: மருத்துவத்துக்குச் சிங்கள மொழி மாணவருக்கு 229, தமிழ் மொழி மாணவருக்கு 250. ஒரு தலைமுறை இளைஞர்களின் கோபத்துக்கு அது எண்ணெய் ஊற்றியது. அதன்பின் வந்த மாவட்டக் கோட்டா இன்று வேறு வடிவில் நிற்கிறது. ஒரே உயர்தரத் தேர்வு, இசட் புள்ளி; இடங்களில் 40 சதவீதம் நாடளாவிய தரவரிசைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சிப் பிள்ளை கொழும்புப் பிள்ளையோடு மட்டும் மோத வேண்டியதில்லை. சென்னை மாநிலமும் மாவட்டவாரியாக மருத்துவ இடங்களைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தது என்பதும், 1968-இல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

நீட் விலக்குக்கான போராட்டம் நியாயமானது. தமிழ்நாட்டு அரசு தன் பணத்தில் கட்டி நடத்தும் கல்லூரிகளில் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் உரிமை தமிழ்நாட்டுக்கு இருக்க வேண்டும். ஆனால் விலக்கு கிடைத்த மறுநாள் என்ன செய்யப் போகிறோம்? 200-க்குத் திரும்பினால் நாமக்கல் காத்திருக்கிறது. இன்னொரு விஷயமும் மாறியிருக்கிறது: 2025-இல் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையில் பிளஸ் ஒன் பொதுத் தேர்வை அரசு எடுத்துவிட்டது. பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்க எடுத்த முடிவு அது. ஆனால் பிளஸ் டூ மட்டுமே அளவுகோல் என்றாகும் நாளில் பழைய தந்திரத்துக்கு வாசல் திறந்தே இருக்கும்.

நான் 300-இன் பக்கம். மூன்றில் இரண்டு பங்கு பள்ளி மதிப்பெண், ஒரு பங்கு மாநிலமே நடத்தும் பொதுத் தேர்வு. அந்தத் தேர்வின் கேள்விகளைத் தமிழ் தெரிந்த ஆசிரியர்கள் தமிழிலேயே எழுத வேண்டும். முதல் முயற்சிக்கு முழு மதிப்பெண், இரண்டாவதற்குக் குறைத்து, மூன்றாவது இல்லை. 7.5 சதவீதத்தை அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரித்து, தமிழ்வழி படித்தவர்களுக்கு அதற்குள் தனிப் பங்கு. அன்று அந்த 100 மதிப்பெண் கிராமத்துப் பிள்ளைகளைப் பாதித்தது உண்மை. அதற்குச் சரியான மருந்து இந்த ஒதுக்கீடு. அது அப்போது நம் கையில் இல்லை, இப்போது இருக்கிறது.

2021 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றி, ஆளுநர் திருப்பியனுப்பி, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றி, கடைசியில் டெல்லி ஒப்புதல் மறுத்துவிட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் பேரவையில் அறிவித்த மசோதாவில் இவை எதுவும் இல்லை. அதில் சேர்க்கைக்கு அளவுகோல் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும்தான். அடுத்த மசோதாவை எழுதப் போகிறவர்கள் அதைத் திருத்தி எழுதட்டும்.